மக்காச்சோளத்துக்கு முன் புல்லை முளைக்க விடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட லயத்து வீட்டுக் கொல்லையிலோ இளஞ்செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைகளுக்கு இடையிலோ மக்காச்சோளம் போடுபவர்கள், நிலத்தைக் கொத்திச் சமன் செய்தவுடன் விதைக்காமல், இரண்டு வாரம் நீர் தெளித்துப் புல்லை முளைக்கவிட்டு, வெயில் நாளில் மண்வெட்டியால் மேலாகச் செதுக்கிய பின் விதைப்பது நல்லது. சோளமும் புல்லினமே என்பதால் இரண்டின் சல்லிவேர்களும் ஒரே மேல்மண்ணில் தழைச்சத்துக்கும் நீருக்கும் போட்டியிடுகின்றன. முளைத்த முதல் சில வாரங்களில் அப்போட்டியில் தோற்ற சோளம், பின்னர் எவ்வளவு களை எடுத்தாலும் முழுமையாகத் தேறுவதில்லை. மேல்மண்ணிலுள்ள புல்விதைகளில் பெரும்பகுதி முன்னதாகவே முளைத்து அழிந்துவிடுவதால், சோளம் முந்திக்கொள்கிறது. ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து பட்ட பாடெல்லாம் வீணாகும். புல்மருந்து போதுமே என்பவர்களுக்கு ஒரு சொல்: கிளைபோசேட் என்னும் புல்மருந்துக்கு அடங்காத சம்பாவ் என்ற களைப்புல் இந்நாட்டில் 1997-லேயே பதிவாகியுள்ளது.

லாலாங் என்னும் களைப்புல் மண்டிய நிலத்துக்கு இம்முறை பொருந்தாது. அது விதையைவிட மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டால் மீண்டும் தழைப்பதால் அதைத் தோண்டியே எடுக்க வேண்டும். அடைமழைக் காலத்திலும் தவிர்க்கவும். செதுக்கிய புல் ஈரத்தில் மறுபடி வேர்பிடித்துவிடும்.