எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேருக்கு ஆகியிருக்கிறது: முன்தோல் நீக்கக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் சுகாதாரத் தரவு படிக்கச் சில பிள்ளைகள் வருகிறார்கள். புள்ளியியல் முடித்தவர்கள், நர்சிங் முடித்தவர்கள், தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுதுகிறவர்கள் என்று கலவையான கூட்டம். பயிற்சிக்கு ஆப்பிரிக்க நாடுகளின் எச்ஐவி தடுப்புக் கணக்கைத்தான் அதிகம் எடுப்பேன். ஆண்களின் முன்தோல் நீக்கம் என்ற பகுதி வந்ததும், "சார், சுன்னத்து கணக்கா சார்?" என்று பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். சிரித்து முடித்ததும் ஆளாளுக்குத் தப்பு செய்ய ஆரம்பிப்பார்கள். எங்கள் செட்டு செய்த அதே தப்புகள், அதே வரிசையில்.

விடுபட்ட பதிலை 'இல்லை' என்று எண்ணுவது, சதவீதக் கட்டத்தில் புள்ளி இடம் மாறுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவரே கண்டுபிடித்துவிடுவார்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்மில் நடந்த சோதனையின் முடிவு 2005இல் வந்தது. கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் முடிவுகள் 2007இல் வந்தன. பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு இந்த அறுவை சிகிச்சையால் ஏறக்குறைய 60% குறைகிறது என்று மூன்றும் காட்டின. அதே 2007இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் திட்டமும் இதைப் பரிந்துரைத்தன. எச்ஐவி அதிகமாகவும் முன்தோல் நீக்கும் வழக்கம் குறைவாகவும் இருந்த கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் 14 முதலில் தேர்வாயின. 2015க்குள் 15 முதல் 49 வயது ஆண்களில் 80% பேரை எட்ட வேண்டும், அதற்குச் சுமார் 2 கோடி அறுவை சிகிச்சைகள் தேவை என்று 2011இல் இலக்கு வைத்தார்கள். 2015 முடிவில் ஒரு கோடியைத் தாண்டியிருந்தது, 2 கோடியைத் தொடவில்லை.

செய்த எண்ணிக்கையை எட்டிய விகிதமாகப் படிப்பது

இந்த ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கூட வருகிறது.

அண்மையில் ஒரு பையனிடம் மாவட்ட வாரியான அட்டவணை ஒன்றைக் கொடுத்தேன். பயிற்சிக்காக நானே புனைந்த எண்கள், பொறியும் நானே வைத்தது. அவன் செய்துகொண்டு வந்த தாளில் ஒரு மாவட்டத்துக்கு 'எட்டிய விகிதம் 100%' என்று பச்சை நிறத்தில் மின்னியது. எக்செல் கட்டத்தைத் தட்டிப் பார்த்தால், விடை 100ஐத் தாண்டினால் 100 என்றே காட்டு என்று ஒரு சூத்திரம் போட்டு வைத்திருக்கிறான். அதை எடுத்தேன். 112% வந்து நின்றது.

"என்னப்பா இது, ஆளைவிட ஆபரேஷன் அதிகமா?"

"பக்கத்து மாவட்டத்துலேர்ந்து வந்திருப்பாங்க சார்."

"சரி, அப்போ பக்கத்து மாவட்டத்துக் கணக்குல அவங்க எங்க இருக்காங்க?"

பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது 112ஐப் பார்த்து அல்ல. 112 நல்ல எண். எங்கேயோ உதைக்கிறது என்று சத்தமாகச் சொல்கிறது. அந்தச் சத்தத்தைச் சூத்திரம் போட்டு அமுக்கினானே, அதுதான் இன்னும் ஆறவில்லை. இவனாவது மாணவன். சம்பளம் வாங்குகிறவர்கள் தயாரித்த அறிக்கையிலும் இதே பச்சைக் கட்டத்தைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனைப் பதிவேடு சொல்வது இத்தனை அறுவை சிகிச்சை நடந்தது என்பதை மட்டும்தான். அந்த ஊரில் வாழும் ஆண்களில் எத்தனை பேருக்கு முன்தோல் நீக்கம் ஆகியிருக்கிறது என்பது வேறு கேள்வி. முதலாவதை வைத்து இரண்டாவதைச் சொல்வது, தண்டையார்பேட்டை டெப்போ பஸ்களில் கிழித்த டிக்கெட்டை எண்ணித் தண்டையார்பேட்டையின் மக்கள்தொகையைச் சொல்வதுபோல.

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 15 முதல் 49 வயது ஆண்கள் 1,00,000 பேர். மத வழக்கத்தாலோ குல வழக்கத்தாலோ ஏற்கெனவே ஆனவர்கள் 30,000. இலக்கு 80%, அதாவது 80,000. ஆக இன்னும் 50,000 பேருக்குச் செய்ய வேண்டும். ஐந்து வருடத்தில் மருத்துவமனைகள் சரியாக 50,000 செய்து முடிக்கின்றன. இலக்கு எட்டியாயிற்று என்று கேக் வெட்டுகிறார்கள்.

இனி உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்த 50,000 பேரில் 20,000 பேர் செய்துகொண்டபோது 10 முதல் 14 வயதுச் சிறுவர்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது 15ஐத் தாண்டிவிட்டார்கள், மீதி 10,000 பேர் இன்னும் நம் வயது வரம்புக்குள் வரவில்லை. இன்னொரு 6,000 பேர் முகாமுக்காகப் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து போனவர்கள். மிச்சம் 34,000. பழைய 30,000ஐ மாறாமல் வைத்துச் சேர்த்தால் 64,000. இதற்கிடையில் 15 வயதைத் தொட்டு உள்ளே வந்தவர்கள் 50ஐத் தாண்டி வெளியே போனவர்களைவிட அதிகம் என்பதால் ஆண்களின் எண்ணிக்கையும் 1,10,000 ஆகிவிட்டது. 64,000ஐ 1,10,000ஆல் வகுத்தால் 58%. கேக் வெட்டிய இடத்தில் உண்மை நிலவரம் இது.

சிறுவர்கள் விஷயம் என் கற்பனை இல்லை. 2020 வரை பல நாடுகளில் மொத்த எண்ணிக்கையில் பெரும்பங்கு 10 முதல் 14 வயதுப் பையன்களாகத்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டமாகக் கூட்டி வரலாம், வேலையை விட்டு வர வேண்டிய கஷ்டம் இல்லை. 25 வயதைத் தாண்டிய, கல்யாணமான, தினக்கூலிக்குப் போகிற ஆணைக் கூட்டி வருவதுதான் பாடு. தொற்று உடனடியாகக் குறைய வேண்டுமானால் அவர்தான் வர வேண்டும். பச்சைக் கட்டத்தைப் பார்த்து இந்த ஊர் முடிந்தது என்று பணத்தை வேறு பக்கம் திருப்பினால் விடுபட்டுப் போவதும் அவர்தான். இந்தத் தப்பை விலை உயர்ந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏற்கெனவே ஆனவர்களைக் கழிக்காமல் விடுவது இதன் மறுபக்கம். திட்டம் தொடங்குவதற்கு முன்பே கென்யாவில் ஏறத்தாழ 85% ஆண்களுக்கு முன்தோல் நீக்கம் ஆகியிருந்தது. நியான்சா பகுதியின் லுவோ மக்களிடம் அந்த வழக்கம் இல்லை, எச்ஐவியும் அங்கேதான் அதிகம். நாட்டுச் சராசரியைப் பார்த்தால் வேலையே இல்லாததுபோல் தெரியும். நம்மூரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மண்ணடியில் ஒரு தெருவையும் மீனவர்கள் வாழும் காசிமேட்டில் ஒரு தெருவையும் எடுத்துச் சராசரி போட்டுப் பாருங்கள். வருகிற எண் இரண்டு தெருவுக்குமே பொருந்தாது.

அப்படியானால் எப்படித்தான் அளப்பது? விகிதம் வேண்டுமென்றால் வீடு வீடாகப் போகும் மக்கள்தொகை ஆய்வுதான் அடிப்படை. அது சில வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும். நடுவில் உள்ள வருடங்களுக்கு, ஆய்வில் கிடைத்த தொடக்க நிலையையும் பதிவேட்டின் வயது வாரி எண்ணிக்கையையும் சேர்த்து, ஒவ்வொரு வருடமும் ஆட்களுக்கு ஒரு வயது கூட்டி மதிப்பிடுகிறார்கள். டிஎம்பிபிடி 2 என்ற மாதிரிக் கணக்கு இந்த வேலையைத்தான் செய்கிறது. அது கிடைக்காவிட்டால் 'இத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன' என்று மட்டும் எழுதுங்கள். அது பொய் சொல்லாத வாக்கியம்.

வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது

சரி, ஆய்வுக்கே போய்விட்டால் தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. லெசோத்தோ என்ற சிறிய ஆப்பிரிக்க நாட்டில் இளைஞர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ச் செய்யும் பாரம்பரியச் சடங்கு உண்டு. சடங்கு முடித்தவர் தன்னை ஆனவர் என்றுதான் சொல்வார். ராணுவத்தில் சேர வந்தவர்களை அங்கே நேரில் பரிசோதித்தபோது, ஆனது என்று சொன்ன பலருக்கு முன்தோல் முழுதாக அகற்றப்படவில்லை என்று தெரிந்தது. 2000களில் நடந்த லெசோத்தோ வீட்டாய்வுகளில், ஆனதாகச் சொன்ன ஆண்களிடம் எச்ஐவி அதிகமாகவே காணப்பட்டது. இதைப் பார்த்து 'சிகிச்சை வேலை செய்யவில்லை' என்று எழுத ஒரு மாணவர் வருடாவருடம் கிடைத்துவிடுவார். முழுதாக ஆகாதவர்களும் ஆனவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். சடங்கு நடப்பதற்கு முன்பே தொற்று ஏற்பட்டிருக்கலாம். வயதும் வாழ்க்கை முறையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை.

ஆகவே ஒரு கேள்வி போதாது. ஆகியிருக்கிறதா, தோல் முழுவதும் நீக்கப்பட்டதா, யார் செய்தார்கள், எந்த வயதில் என்று கேட்க வேண்டும். முழுதாக, பாதியாக, இல்லை என்று மூன்று கோட்டுப் படங்களைக் காட்டிக் கேட்டால் பதில் இன்னும் தெளியும்.

எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். காசிமேட்டு ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில் எச்ஐவி விழிப்புணர்வுக் கேள்விகளோடு உட்கார்ந்தது நினைவிருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, கட்டிலோரம் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்த அண்ணன் எல்லாக் கேள்விக்கும் 'ஆமா, ஆமா' என்றார், ஆணுறை உபயோகிப்பீர்களா என்று கேட்பதற்கு முன்பே. படிக்கட்டுக்குக் கூட்டி வந்து மறுபடி கேட்டபோது பாதி பதில் மாறியது. அந்த ஊரில் ஆண்கள் வீட்டில் இருப்பதே அபூர்வம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் ஆள் கிடைக்கும், மற்ற மாதங்களில் விசைப்படகோடு கடலில். லெசோத்தோ ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருந்தவர்களிடம் மட்டும் கேட்ட கணக்கு வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் பொருந்தும்.

'செய்துகொள்வீர்களா?' என்று கேட்டுவிட்டு எண்ணுவது

திட்டம் வருவதற்கு முன் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆகாத ஆண்களில் விருப்பம் தெரிவித்தவர்களின் இடைநிலை விகிதம் 65%. இடத்துக்கு இடம் 29 முதல் 87 வரை போனது. 2011இல் எஸ்வாட்டினி, அன்றைக்கு ஸ்வாசிலாந்து, ஒரே வருடத்தில் 80% ஆண்களை எட்டுவோம் என்று பெரிய பிரசாரம் தொடங்கியது. வந்தவர்கள் அதில் சிறு பகுதிதான். விருப்பம் ஒரு கட்டம், வந்து படுத்தது இன்னொரு கட்டம். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போடாதீர்கள்.

மாதக் கோட்டைப் பார்த்துப் பதறுவது

பள்ளி விடுமுறையிலும் குளிர்காலத்திலும் எண்ணிக்கை ஏறும், மற்ற மாதங்களில் இறங்கும். போன ஜூலையை இந்த ஜூலையோடு ஒப்பிடுங்கள். 2020இல் ஏற்பட்ட வீழ்ச்சியைப் பார்த்து 'ஆர்வம் குறைந்தது' என்று எழுதுவதற்கு முன், அது கொரோனா வருடம் என்பதையும், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்வதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் மாறிய வருடம் என்பதையும் பாருங்கள்.

60%ஐத் தனியாளுக்கு உறுதிமொழியாகக் கொடுப்பது

கூடாது. ஆணுறையும் வேண்டும்.

பாசிட்டிவ் ஆனவர்களையும் தடுப்புக் கணக்கில் சேர்ப்பது

எச்ஐவி ஏற்கெனவே உள்ள ஆணுக்குச் செய்தால் துணைவிக்குத் தொற்று குறைகிறதா என்று உகாண்டாவில் சோதித்தார்கள், குறையவில்லை. அவர்களைத் தனி வரிசையில் காட்டுங்கள்.

இதைச் சென்னைக்கு அப்படியே கொண்டுவந்து ஒட்டுவது

"நம்ம ஸ்டான்லிலயும் ஆரம்பிக்கலாமே சார்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தியாவில் பெரியவர்களிடம் எச்ஐவி ஏறக்குறைய 0.2%தான், தொற்று பரவும் வட்டங்களும் வேறு. தேசியத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை தடுப்பு முறையாக இல்லை. இங்கே எண்ண வேண்டியது எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு யார் வருகிறார்கள், பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேர் மாத்திரையை விடாமல் எடுக்கிறார்கள் என்பது. கணக்குப் பழக ஆப்பிரிக்கத் தரவு நல்லது. எண்ணூர் நெடுஞ்சாலை லாரிக்காரருக்குச் சொல்லும் ஆலோசனையை அதிலிருந்து எடுக்க வேண்டாம்.

திரும்பி வராதவரை 'பிரச்சினை இல்லை' என்று பதிவது

சிகிச்சை முடிந்த 14 நாளுக்குள் காயத்தைக் காட்ட வர வேண்டும். வராதவருக்குத் 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் வையுங்கள்.