குரூஸ் கப்பலில் வேலைக்குப் போகிறீர்களா? ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

கேட்டரிங் படித்துவிட்டு வெயிட்டராகவோ கேபின் ஸ்டூவர்டாகவோ குரூஸ் கப்பலுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் ஏஜென்டை விசாரியுங்கள். வேலை வாங்கித் தர இவ்வளவு என்று பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடலாம், ஏனென்றால் 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அதாவது எம்எல்சி, அதைத் தடை செய்கிறது. மெடிக்கல், பாஸ்போர்ட், சிடிசி (கடல் பணியாளருக்கான அடையாளப் புத்தகம்) செலவு மட்டும்தான் நம்முடையது, விசா செலவுகூட கம்பெனி பொறுப்பு. இந்தியாவில் ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் தரும் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். சம்பளத்தில் எவ்வளவு உறுதி, எவ்வளவு டிப்ஸை நம்பியது என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது மாதம், வார விடுமுறை கிடையாது.

கப்பலில் ஏறியபின் மிக முக்கியமானது ஓய்வு நேரம். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும். அந்த 10 மணியை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒன்று 6 மணிக்குக் குறையவும் கூடாது. டைனிங்கில் காலை 6 மணிக்கு ஆரம்பித்து இரவு 11:30-க்கு முடிக்கிறீர்கள், மதியம் 3 முதல் 5:30 வரை பிரேக் என்று வையுங்கள்: இரவில் ஆறரை, மதியம் இரண்டரை, மொத்தம் 9 மணிதான். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவில் கிடைத்த ஒரு மணி நேரம் மூன்றாவது துண்டு, அது கணக்கில் சேராது. சூப்பர்வைசர் அதையும் சேர்த்து 10 என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தினமும் போனில் நீங்களே குறித்து வையுங்கள், கப்பல் பதிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

கேபினை இன்னொருவரோடு பகிர வேண்டியிருக்கும், அவர் ஷிஃப்ட் வேறாக இருக்கும். அலாரத்தை வைப்ரேட்டில் வைப்பதும், விளக்கைப் போடாமல் உடை மாற்றப் பழகுவதும் பெரிய மரியாதை. துறைமுகத்தில் நின்றாலும் எல்லோராலும் இறங்க முடியாது, அவசரத்துக்கென்று ஒரு பகுதி ஊழியர்கள் கப்பலிலேயே இருந்தாக வேண்டும், முறை வைத்துத்தான் வெளியே போகலாம்.

பிரச்சினை வந்தால் உடனடி மேலாளரிடம் சொல்லுங்கள், சரியாகவில்லை என்றால் எச்ஆர். தேவைப்பட்டால் நேரே கேப்டனிடமே போகலாம், புகார் கொடுத்ததற்காக யாரும் பழிவாங்கக் கூடாது என்பதும் எம்எல்சி விதிதான். அங்கும் நடக்கவில்லையா, பல துறைமுகங்களில் ஐடிஎஃப் என்ற சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொடர்பு எண்களை ஊரிலேயே எழுதி எடுத்துக்கொண்டு ஏறுங்கள், நடுக்கடலில் நெட் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.