கேரியோவன் ஜிக்: பூர்வீகம் தேடும்போது வழுக்கும் இடங்கள்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். ஆனால் கேரியோவன் மாதிரி ஒரு ஐரிஷ் ஜிக் (துள்ளல் நடன) மெட்டு காதில் ஒட்டிக்கொண்டுவிட்டால் பார்க்காமல் இருக்க முடியாது, எனக்கும் அப்படித்தான். பார்க்கிறவர்கள் முதலில் வழுக்குவது பெயரில். கேரியோவன் என்பது அயர்லாந்தின் லிமரிக் நகரத்தின் ஒரு பகுதி, ஐரிஷ் மொழியில் 'ஓவனின் தோட்டம்'. அதற்காக மெட்டும் அங்கேதான் பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். மாரிசன்ஸ் ஜிக் என்ற இன்னொரு மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபிடில் (வயலின்) கலைஞர் ஜேம்ஸ் மாரிசன் அதை இயற்றவே இல்லை, அக்கார்டியன் வாசித்த டாம் கார்மோடியிடம் கேட்டு 1936இல் ரெக்கார்டில் வாசித்தார், அப்புறம் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்தது, கேரியோவனை அமெரிக்க ராணுவப் பாட்டு என்று சொல்வது. அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் 7ஆவது குதிரைப்படைக்கு அது அடையாளம்தான், ஆனால் அந்தப் படை உருவானதே 1866இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எடின்பரோவின் இசைப் பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சன் கேட்டதற்காக பீத்தோவன் இதே மெட்டுக்கு இசைக்கோர்வை எழுதிக் கொடுத்துவிட்டார்! அயர்லாந்தின் கார்லோவில் பிறந்த, அந்தப் படையின் கேப்டன் மைல்ஸ் கியோதான் அதைப் படைக்குள் கொண்டுவந்தார் என்பது அழகான கதை, அதைக் கதை என்றே சொல்லுங்கள்.

அச்சான வருடத்தைப் பிறந்த வருடமாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல் 1903இல் 1,850 மெட்டுகளைப் புத்தகமாகப் போட்டார், அதையே மூலம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அவர் செய்தது சேகரிப்பு. புலம்பெயர்ந்த ஐரிஷ்காரர்கள் வாசிக்கக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டவற்றை ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொருவர் ஸ்வரக்குறிப்பாக எழுதிக் கொடுத்தார், பழைய அச்சுப் பிரதிகளிலிருந்தும் எடுத்தார்கள். ஒரு மெட்டு அந்த வருடத்துக்குள் இருந்தது என்பதற்கு மட்டுமே அச்சு சாட்சி, அதற்கு முன்னால் கைமாறிக் கைமாறி வந்த காலம் தாளில் ஏறுவதில்லை. பாடல் வரிகளும் அப்படித்தான், ஓடிக்கொண்டிருந்த மெட்டுக்குப் பின்னால் எழுதிச் சேர்த்தவை ஏராளம்.

சரி, தாளத்தையும் கவனியுங்கள். சாதாரண ஜிக் 6/8, ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஆறு எண்ணிக்கை, தகிட தகிட என்று போகும். ஸ்லிப் ஜிக் 9/8, அதில் மூன்று தகிட. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு தேடினால் எங்கோ போய் நிற்பீர்கள். இரண்டு பதிப்புகள் ஒரே மெட்டுதானா என்று பார்க்க, தலைப்பைக் கையால் மறைத்துவிட்டு முதல் எட்டு பார்களை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.