பிறந்த குழந்தைக்கு எந்தக் கணக்கு?

முதலில் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை ஏற்றிவிடுங்கள், பலர் பெயர் இல்லாத சான்றிதழோடு போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். பெண் குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம், தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம்தான். வருடம் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம், 15 வருடம் கட்டினால் போதும், கணக்கு தொடங்கி 21 வருடத்தில் முதிர்வு, வட்டிக்கு வரி கிடையாது. மாதாமாதம் கட்டுபவர்கள் 5ஆம் தேதிக்குள் கட்டுங்கள், தாண்டினால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி போச்சு. பையனா? பிபிஎஃப், அதாவது அரசின் பொது வருங்கால வைப்பு நிதி, 15 வருடம். ஆனால் உங்கள் சொந்த பிபிஎஃப்பையும் சேர்த்துத்தான் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரம்பு. அப்புறம், மொய்ப் பணம், தாத்தா பாட்டி தருவது போன்ற அவசரத்துக்கு எடுக்கக்கூடிய காசுக்கு, பக்கத்து வங்கியில் சாதாரண மைனர் கணக்கு ஒன்று. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.