மாசியும் பால்மாவும்: மலையகத்துக்கு வந்திறங்கும் நனிசைவர்களுக்கு

தேனியிலிருந்து கல்யாணமாகி இலங்கை மலையகத்தில் இருக்கும் ஹட்டனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வரும்போது பெட்டியில் இரண்டு கிலோ துவரம்பருப்பு, பெருங்காயம், சோயாப்பால் பொடி, நாலு பொட்டலம் முந்திரி என்று அடைத்துக்கொண்டு வந்தேன். மலைமேல் போய் பட்டினி கிடக்கப் போகிறாய் என்று ஊரில் அப்படிப் பயமுறுத்தியிருந்தார்கள். வந்து பார்த்தால், துவரம்பருப்பைத் தவிர மற்ற எல்லாமே வீண் சுமை. வேலைக்கோ, படிப்புக்கோ, என்னைப்போல வாழ்க்கைப்பட்டோ தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் வருகிற நனிசைவர்கள் (பால், முட்டைகூடத் தொடாத வீகன்கள்) இங்கே என்ன சாப்பிடுவது என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

மலையகத்தின் அன்றாடச் சாப்பாடு பெரும்பாலும் ஏற்கெனவே நமக்கானதுதான். சோறு, பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்). இதற்குள் நமக்குத் தெரியாமல் நுழைபவை இரண்டே இரண்டு: மாசியும் பால்மாவும் (பால் பொடி). இந்த இரண்டையும் கேட்டு விலக்கத் தெரிந்துவிட்டால் தனியாக நனிசைவக் கடை தேடி அலைய வேண்டியதில்லை.

மாசி என்பது காய்ந்து கட்டையாகிப்போன சூரை மீன். மாலைதீவிலிருந்து வந்த வழக்கம். இடித்துத் தூளாக்கித் தேங்காய்ச் சம்பலில் போடுவார்கள், வெங்காயம் வதக்கிய சீனிச் சம்பலில் போடுவார்கள், மிளகாயும் வெங்காயமும் இடித்த லூனு மிரிஸில் போடுவார்கள். கீரைச் சுண்டலிலும் சில வேளை பருப்பிலும்கூட இருக்கும். மீன் என்று அதை யாரும் எண்ணுவதில்லை, உப்பு மாதிரி ஒரு ருசிப்பொருள். அதனால் "மீன் போட்டிருக்கா?" என்று கேட்டால் மனதாரவே "இல்லை" என்பார்கள். "மாசி போட்டிருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சிங்களக் கடையானால் "உம்பலகட தாண்ண எப்பா" (மாசி போட வேண்டாம்) என்றால் போதும்.

பால்மா அப்படி ஒளிந்திருக்காது, ஆனால் எங்கும் இருக்கும். பசுக்கள் மேயும் மலையில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பால்மாவைக் கரைத்துத்தான் பெரும்பாலான வீடுகளில் தேத்தண்ணி போடுகிறார்கள். எந்த வீட்டுப் படியேறினாலும் முதலில் அதுதான் கைக்கு வரும். கலக்குவதற்கு முன்பே "எனக்குப் பிளேன்டீ, இஞ்சி தட்டிப் போட்டா இன்னும் நல்லது" என்று சொல்லிவிடுங்கள். யாரும் வருத்தப்பட மாட்டார்கள். கலந்து கொண்டுவந்த பிறகு மறுத்தால்தான் சங்கடம், பால்மா விற்கிற விலைக்கு அது நியாயமும் இல்லை.

இனி வார்த்தைகள். "நான் சைவம்" என்று இங்கே சொன்னால் சிலர் உங்கள் சமயத்தைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துப் பாடத்தின் பெயரே சைவநெறி. சாப்பாட்டுக்கு "மரக்கறி" என்றால் உடனே புரியும். ஆனால் மரக்கறிச் சாப்பாட்டில் தயிரும் நெய்யும் அடக்கம் என்பதால், பால், தயிர், நெய், முட்டை நான்கையும் தனித்தனியே சொல்லத்தான் வேண்டும். "கறி" என்று கேட்டதும் பதறாதீர்கள். இங்கே கோவாவும் கறி, போஞ்சியும் (பீன்ஸ்) கறி. (கோவா என்றால் முட்டைக்கோஸ். பால்கோவா என்று நினைத்து நான் முதல் வாரம் ஒரு தட்டையே ஒதுக்கி வைத்தேன்.)

பால் என்ற சொல்லில்தான் அதிகக் குழப்பம். பால்சோறு, பாலப்பம், சொதி இவற்றில் வரும் பால் தேங்காய்ப்பால், தாராளமாகச் சாப்பிடலாம். பால் தேத்தண்ணியிலும் பால் டொபியிலும் வருவது மாட்டுப்பால். நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: உப்பும் உறைப்புமான சாப்பாட்டில் பால் என்றால் தேங்காய், குடிப்பதிலும் மிட்டாயிலும் பால் என்றால் மாடு. சிங்களத்திலும் இதே சிக்கல். "கிரி எப்பா" (பால் வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் தேங்காய்ப்பால் கறி ஒன்றுகூட உங்கள் தட்டுக்கு வராது. "எளகிரி எப்பா, பொல்கிரி ஹொந்தாய்" (மாட்டுப்பால் வேண்டாம், தேங்காய்ப்பால் நல்லது) என்று சொல்லுங்கள். முட்டைக்கு "பித்தர". மரக்கறி மட்டும் என்பதற்கு "எளவளு விதரய்". தேன் சாப்பிடாதவர்கள் "பெணி" என்றதும் விலக வேண்டாம். கித்துல் பெணி மரத்திலிருந்து இறக்கிய பாணி, மீ பெணிதான் தேனீயினுடையது.

கடைச் சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. இடியப்பம், பிட்டு, வெள்ளை அப்பம் பெரும்பாலும் பயமில்லை, கூட வரும் சம்பலைத்தான் விசாரிக்க வேண்டும். பாண் (பிரெட்) அநேகமாக மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்தான். மேலே பளபளக்கும் பணிஸ் (பன்) வகைகளுக்கு முட்டை தடவியிருப்பார்கள். மரக்கறிக் கொத்து ரொட்டி கேட்டாலும் முட்டை உடைத்து ஊற்றிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும். கோழி கொத்திய அதே தட்டில்தான் உங்களுடையதும் கொத்துப்படும், அது ஒத்துவராதவர்கள் கொத்தை மறந்துவிடுவது நல்லது. ரயிலில் கூடையோடு வரும் வடையில் இறால் வடையும் பருப்பு வடையும் ஒரே எண்ணெய்க்குள் நீந்தியவை. கண்டிப் பக்கம் போனால் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகம் இருக்கிறது. பெண்களே சமைத்து விற்கும் நாட்டுச் சாப்பாடு, சிவப்பரிசியும் கீரைச்சாறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கொலகெந்த கஞ்சி காலையில் சூடாகக் கிடைக்கும். போயா எனும் பௌர்ணமி நாட்களில் இறைச்சியும் சாராயமும் விற்பனைக்கு இல்லை என்பதால் அன்று ஊரே கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்துவிடும்.

சூப்பர் மார்க்கெட்டில் டோஃபு, சோயாப்பால் கிடைக்கின்றன. அவற்றைவிட, சந்தையில் வாங்கும் சோயாவும் கச்சானும் (நிலக்கடலை) கௌபியும் (தட்டைப்பயறு) மலிவு. பொதியின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள். தேங்காய்ப்பால் மா சிலவற்றில் கேசினேட் என்று ஒரு பொருள் இருக்கும், அது பால்புரதம். மாஜரினிலும் பால் சேர்ந்திருக்கலாம். சோயாமீட் பொட்டலத்தில் கோழி ருசி, மீன் ருசி என்று இருக்கும் தூள் பாக்கெட்டையும் பார்க்க வேண்டும்.

மரக்கறிக்கு மட்டும் இங்கே குறையே இல்லை. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைத் தோட்டங்களிலிருந்து வருகிற லீக்ஸ், கரட், நோக்கோல் (நூல்கோல்), பீட்ரூட்டை மண் காயாமல் வாங்கலாம். லீக்ஸை மெல்லியதாக அரிந்து மஞ்சளும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கினால் ஒரு சோற்றுக்கு அதுவே போதும். இங்கே பருப்பு என்று சும்மா சொன்னால் செம்மஞ்சள் நிற மைசூர்ப் பருப்பு. துவரை கேட்டால் தோட்டத்துக் கடை முதலாளி உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

குளிரில் சமைப்பது தனிப் பாடம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பிக் கடலையை இறக்கினால் பல்தான் உடையும், குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனம் இல்லை. தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்கும், அகல வாய் டின்னில் ஊற்றி வையுங்கள். என் முதல் தீபாவளிக்கு இராத்திரி அரைத்து வைத்த இட்லி மா காலையில் வைத்த கோட்டிலிருந்து ஒரு இம்மி எழும்பவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லாமல் அதில் வெங்காயம் போட்டு ரொட்டியாகத் தட்டிவிட்டார். இப்போது வெந்தயம் கூடப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, விறகடுப்பு ஓரத்தில் பழைய சாக்கு சுற்றி முழுதாக ஒரு பகல் ஒரு இரவு வைக்கிறேன்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பி12 கீரையிலும் பருப்பிலும் கிடைக்காது. 1944இல் வீகன் என்ற சொல்லையே உருவாக்கிய பிரித்தானிய வீகன் சங்கம், மாத்திரையாக எடுப்பவர்கள் நாளுக்கு 10 மைக்ரோகிராமாவது, அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராமாவது எடுக்கச் சொல்கிறது. அரச மருந்தகமான ஒசுசலவிலோ ஊர் பார்மசியிலோ கேட்டுப் பாருங்கள். கெப்சூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டின் என்பதால் மாத்திரையாகக் கேளுங்கள். மழை மாதங்களில் இங்கே நாள்கணக்கில் வெயில் முகம் தெரியாது, விட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. டி3 வழக்கமாக ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது, டி2 அப்படியில்லை. இன்னொன்று, தேயிலை நாட்டில் இதைச் சொல்வது துரோகம் மாதிரித்தான்: சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடிக்காதீர்கள். தேயிலைச் சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழியட்டும். சாப்பாட்டில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்தால் அதற்கு நேர்மாறான பலன்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் உண்டு. ஒளித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டதாகச் சொல்லாதீர்கள். குடும்பநல மருத்துவ மாதுவிடம் உள்ளதைச் சொல்லி, அதற்கு ஈடாக என்ன சாப்பிடுவது என்று பேசி முடிவெடுங்கள்.

இதே இடத்தில் ஒரு வேண்டுகோள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் போய் உபதேசம் செய்யாதீர்கள். 2016 சுகாதார ஆய்வில் தோட்டப்புறத்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். ஒரு தாய் மிச்சம் பிடித்து வாங்கிய முட்டையைப் பார்த்து "அது பாவம்" என்று சொல்ல நாம் யார்? நம் விரதம் நம் தட்டோடு நிற்கட்டும். கோயில் திருவிழாவில் பால்குடம் எடுக்கச் சொன்னபோது நான் பூத்தட்டு எடுக்கிறேன் என்றேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடா வெட்டுகிற பூசைக்கு மட்டும் போவதில்லை.

உடுப்பு விஷயம் சின்னது: கம்பளி வேண்டாதவர்களுக்கு நுவரெலியாக் கடைகளில் செயற்கை நூல் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. மழைக்குத் தேயிலைக்குள் நடந்தால் அட்டை ஏறும். நாம் அவற்றைத் தின்னாவிட்டாலும் அவை நம்மைத் தின்னும். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போனால் ஏறாது, கொல்லவும் வேண்டாம்.

பண்டிகைக்கு வருவோம். பொங்கலுக்குப் பால் பொங்க வேண்டுமே என்பதுதான் எல்லாருக்கும் முதல் கவலை. தேங்காயின் இரண்டாம், மூன்றாம் பால் நன்றாகவே பொங்கும், அடுப்பை எரியவிட்டால் பானை விளிம்பு தாண்டி வழியும். ஒரு சுண்டு (அளக்கும் சிறு டின்) பச்சரிசிக்குக் கால் சுண்டு வறுத்த பயறு, தண்ணிப்பாலும் தண்ணீருமாக ஐந்து சுண்டு. குழைந்த பிறகு கால் கிலோ கித்துல் கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், கருப்பட்டியில் மண் இல்லாமல் இராது. முதல் பால் ஒரு சுண்டைக் கடைசியில் ஊற்றி, ஒரு கிண்டு கிண்டி, கொதிக்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் கஜுவும் (முந்திரி) பிளம்ஸும் பொரித்துக் கொட்டி ஏலக்காய் தட்டினால் வாசம் அடுத்த லயம் வரைக்கும் போகும். பிளம்ஸ் என்றால் உலர்ந்த திராட்சை.

தீபாவளிதான் தோட்டத்தில் பெரிய பண்டிகை, அன்று வீட்டுக்கு வீடு ஆட்டிறைச்சி. பலகாரம் சிரமமில்லை: அதிரசம், முறுக்கு, பயத்தம் பணியாரம் எல்லாம் எண்ணெயிலேயே சுடலாம், முறுக்கு மாவுக்கு வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் இரண்டு கரண்டி. மதியச் சாப்பாட்டுக்கு நான் வைப்பது பொலொஸ் கறி. பிஞ்சுப் பலாவைத் துண்டாக்கிக் கொறுக்காய்ப்புளியோடு (நம் ஊர்க் குடம்புளி) குக்கரில் வேகவைத்து, தேங்காயையும் பெருஞ்சீரகத்தையும் மிளகையும் கருக வறுத்து அரைத்துச் சேர்த்து, தூளும் போட்டுச் சுண்டவிட வேண்டும். அவசரப்படாமல் கறுத்து எண்ணெய் மேலே வரட்டும். பிஞ்சு கிடைக்காவிட்டால் சோயாமீட், அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால்தான் பச்சை வாசம் போகும். மாமியார் முதல் தடவை சாப்பிட்டுவிட்டுச் சொன்னது: "ஆட்டுக்கறி மாதிரி இல்ல, ஆனா சோத்துக்கு நல்லா இருக்கு." அடுத்த வருஷம் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் பொலொஸ் சட்டியையும் அவரே அடுப்பில் ஏற்றினார்.

ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு அக்கம்பக்கத்துச் சிங்கள வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு வரும். பால்சோறும் தொதலும் (அல்வா மாதிரி இனிப்பு) பொதுவாகத் தேங்காய்ப்பாலில் செய்தவை, கெவும் (எண்ணெயில் சுட்ட பணியாரம்) அரிசி மாவும் பாணியும். கேக்கை ஒதுக்கிவிடுங்கள். கொக்கிஸில் (அச்சு முறுக்கு) மட்டும் சில வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இப்போது முட்டை சேர்க்கும் முன்பே கொஞ்சம் மாவை எடுத்து எனக்கென்று தனியாகச் சுட்டு, மேலே ஒரு வாழையிலைத் துண்டு வைத்து அனுப்புகிறார். வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. நாலு அதிரசமோ, ஒரு சீப்பு பழமோ வைத்து அனுப்புங்கள்.