இன்கம் ஸ்டேட்மெண்ட் நீங்களே போடலாம், சரக்கு ஸ்டாக்ல மட்டும் உஷாரா இருங்க

நான் காமர்ஸ் படிச்சவன் இல்ல. லோன் கேக்கப் போன இடத்துல "பி அண்ட் எல் கொண்டாங்க"ன்னாங்க, அதாவது லாப நஷ்டக் கணக்கு, இன்கம் ஸ்டேட்மெண்ட்னு சொல்றதும் இதத்தான், அன்னைக்கு நைட்டு உக்காந்து கத்துக்கிட்டதுதான் இது. எக்ஸெல் போதும். எடுத்த உடனே அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் வேணாம், அது பாட்டுக்கு ஒரு நம்பரக் காட்டும், எங்கேந்து வந்துச்சுன்னே நமக்குத் தெரியாது.

ஸ்டெப் 1: எந்தத் தேதிலேந்து எந்தத் தேதி வரைக்கும்னு மேல எழுதிடுங்க.

ஸ்டெப் 2: விற்பனை. காசு வந்த தேதி முக்கியமில்ல, சரக்கு கைமாறின தேதிதான் கணக்கு. அதனால கடனுக்கு வித்ததும் வரும், ஆனா அட்வான்ஸ் வராது, சரக்கக் குடுக்கற வரைக்கும் அது நாம திருப்பித் தரவேண்டிய கடன் மாதிரிதான். கஸ்டமர்கிட்ட வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டற விற்பனை வரியும் நம்ம வருமானம் இல்ல. ரிட்டர்ன் வந்தத கழிச்சிடுங்க.

ஸ்டெப் 3: இங்கதான் நான் மாட்டுனேன். 100 பீஸ், ஒண்ணு 50னு 5,000க்கு வாங்கிருந்தேன். 60 பீஸ் 80க்கு வித்து 4,800 வந்துச்சு. நேரா கழிச்சுப் பாத்தா 200 நஷ்டம்! லாபத்துக்குத்தானே வித்தோம், எப்படி நஷ்டம்னு ரெண்டு மணி நேரம் ஃபார்முலாவத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஃபார்முலால தப்பே இல்ல, வித்த 60 பீஸோட அடக்கத்த மட்டும்தான் கழிக்கணும், அது 3,000. ஆக மொத்த லாபம், அதாவது மத்த செலவக் கழிக்கறதுக்கு முன்னாடி, 1,800. மிச்ச 40 பீஸ் 2,000க்கு குடோன்ல இருக்கு, அது பேலன்ஸ் ஷீட்டுக்கு, அதாவது சொத்து, கடன் பட்டியலுக்குப் போற சொத்து. வித்த சரக்கோட அடக்கத்த எப்பவும் இப்படிப் போடுங்க: ஆரம்ப இருப்பு + வாங்கினது − கடைசி இருப்பு. கடைசி இருப்ப எண்ணித்தான் எழுதணும், குத்துமதிப்பா போட்டா லாபமும் குத்துமதிப்புதான்.

ஸ்டெப் 4: வாடகை, சம்பளம், கரண்ட்டு, விளம்பரம்லாம் கழிங்க. மெஷின் வாங்கிருந்தா முழுசையும் ஒரே வருஷத்துல போடக்கூடாது. 60,000 மெஷின் 5 வருஷம் உழைக்கும்னா வருஷத்துக்கு 12,000 தேய்மானம். இது வரைக்கும் கழிச்சு வர்றதுதான் ஆபரேட்டிங் ப்ராஃபிட், என்னக் கேட்டா தொழில் ஓடுதா இல்லையான்னு பாக்க இந்த ஒரு லைன் போதும்.

ஸ்டெப் 5: வட்டி, அப்புறம் வருமான வரி. மிச்சம் நிகர லாபம். பெரிய கம்பெனி அறிக்கைல அடைப்புக்குறிக்குள்ள நம்பர் இருந்தா அது மைனஸ், நான் ரொம்ப நாளா ஏதோ குறிப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்.

அப்டேட்: லோன் தவணைய முழுசா செலவுல போட்டுட்டேன்னு ரெண்டு பேர் எழுதிருந்தாங்க. வட்டி மட்டும்தான் செலவு, அசல் கட்டறது கடன் குறையறது, இங்க வராது. தனி ஆளா தொழில் பண்றவங்க வீட்டுச் செலவுக்கு எடுக்கற காசும் அப்படித்தான், அது செலவு இல்ல, தொழில்ல நீங்க போட்ட முதலீட்டுலேந்து நீங்க எடுக்கறது.

இன்னொண்ணு, இந்த லாபத்த அப்படியே வரி ஃபார்ம்ல எழுதிடாதீங்க. தேய்மானத்துக்கு வரிச் சட்டத்துல தனி ரேட் இருக்கும், சில செலவ ஒத்துக்கவும் மாட்டாங்க. அதனால வரிக்கு தனி ஷீட் ஒண்ணு போட்டு, இந்த நிகர லாபத்துல ஆரம்பிச்சு கூட்டிக் கழிச்சுக்கங்க.