தூக்குவாளியோடு போங்கள்: ஆஸ்பத்திரியில் நோயாளியை விசாரிக்கும் முறை

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம்தோறும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பதினோரு வருஷமாகிறது. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது, “அங்க போய் என்னக்கா பேச?” என்பதுதான். பேச்சுக்கு அங்கே கடைசி இடம்.

நான் முதன்முதல் போனபோது ஒரு பாட்டியின் கட்டிலருகே நின்று, கண்ணை மூடிப் பத்து நிமிஷம் சத்தமாக ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அவர் முகமெல்லாம் வேர்வை. “தாயி, ஒண்ணுக்குப் போணும்” என்றார். என் ஜெபம் முடியட்டும் என்று அத்தனை நேரமும் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதத்தில் வரும், எரிகோ ஊர் வழியில் உட்கார்ந்து பிச்சை கேட்ட பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது ஆண்டவர் இயேசுவுக்குத் தெரியாதா? தெரிந்தும், “நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்” என்று கேட்டுவிட்டுத்தானே சுகமாக்கினார்.

ஆகவே முதலில் கேளுங்கள். பொதுவாக “ஏதாவது வேணுமா?” என்றால் “ஒண்ணும் வேண்டாம்” என்றுதான் பதில் வரும். நம் ஜனத்துக்கு வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். “பிளாஸ்க்ல சுடுதண்ணி பிடிச்சிட்டு வரட்டா?”, “போன்ல சார்ஜ் இருக்கா?”, “மருந்துச் சீட்டைக் குடுங்க, நான் வரிசையில நிக்கேன்” என்று கேட்டுப் பாருங்கள். உடனே தலையாட்டுவார்கள்.

கட்டிலில் இருப்பவரைவிட, கூட இருக்கிறவரை முதலில் கவனிப்பது என் வழக்கம். நோயாளிக்குக் கட்டில் உண்டு, சாப்பாடு உண்டு, நர்ஸம்மா வந்து பார்ப்பார். துணைக்கு வந்த மனைவியோ மகளோ வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, டீயும் பன்னுமாக நாலைந்து நாளை ஓட்டியிருப்பார். “நான் இங்க இருக்கேன், நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க” என்று சொல்லி அரைமணி நேரம் அந்த இடத்தில் உட்காருங்கள். அப்படிக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பி வந்த ஒரு தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதற்குமேல் எந்தப் பிரசங்கமும் அன்றைக்குத் தேவைப்படவில்லை.

சாப்பாடு கொண்டுபோனால் அது துணைக்கு இருப்பவருக்கே. நோயாளிக்கு எதுவும் கொடுக்குமுன் நர்ஸிடம் கேட்டே ஆகவேண்டும். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு இருப்பவர் இருப்பார், உப்பு கூடாதவர் இருப்பார். கிட்னி கெட்டவருக்கு இளநீர்கூட ஆபத்து. தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஊசிப்போகும். நல்லெண்ணெய் விட்டுப் பொடி தடவிய இட்லி காலைவரை தாங்கும்.

ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் மெதுவாக, இரண்டு நிமிஷம் ஜெபியுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவருக்கும் சுடுதண்ணி பிடித்துக் கொடுங்கள். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டுமுன் சமாரியன் ஊர், குலம் விசாரிக்கவில்லை. போட்டோ எடுக்கவே கூடாது. “விசுவாசம் பத்தாது”, “என்ன பாவமோ” என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

வார்டு முழுவதையும் ஒரே நாளில் சுற்றிவர ஆசைப்படாதீர்கள். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மா 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடுதான் வைத்தியம் தொடங்கினார். நீங்களும் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அதே கட்டிலுக்குப் போங்கள். அடிபட்டவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அந்தச் சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம், அந்தக் காலத்தில் இரண்டு நாள் கூலி. அதோடு கணக்கை முடிக்காமல், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிப் போனான். திரும்பி வருவேன் என்ற அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

இதற்காகவே நான் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதில்லை. எவர்சில்வர் தூக்குவாளியில் கொண்டுபோய், வாளியை அங்கேயே விட்டுவிட்டு வருவேன். மறுநாள் அதை வாங்கவாவது போகவேண்டுமே. முதல்நாள் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இரண்டாம் நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன மாதம் அப்படித்தான் ஒரு வாளியை வாங்கப் போனேன். புருஷனுக்குக் காலில் ஆபரேஷன் ஆகி, கைக்குழந்தையோடு துணைக்கு இருந்த பெண் அவள். வாளியைத் துலக்கி, முந்தானையால் துடைத்து, மூடி போட்டு வைத்திருந்தாள். கையில் வாங்கினால் கனமாக இருந்தது. திறந்தேன். உள்ளே இரண்டு கொய்யாப்பழம்.

“இது எதுக்கும்மா?” என்றேன்.

“வெறும் வாளியா எப்படிக்கா குடுக்க?” என்றாள்.